பின்னல்வழி உடன்பாடு: மூன்று மரபுகள்

மலருக்கு எழுதும்படி செயலாளர் கேட்டதும் மறுக்க மனம் வரவில்லை. பீஸ், ஷோஸ்டாக், லாம்போர்ட் மூவரையும் நம் சபைக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. துரோகிகள் நடுவே நேர்மையானவர்கள் ஒரே முடிவுக்கு வரவேண்டிய பைசாந்தியத் தளபதிகள் சிக்கலையும் விட்டுவிடுகிறேன்.

குவாண்டம் பின்னலை நம் துறைக்குள் கொண்டுவந்தவர்களில் ஃபிட்சி, கீசான், மௌரர் மூவருக்கும் (2001) முதல் மரியாதை. அவர்கள் வழியில், ஒரு துரோகியுள்ள மூவரிடையே, நேர்மையானவர்கள் ஒன்று ஒரே முடிவுக்கு வருவார்கள், இல்லையேல் சேர்ந்தே கைவிடுவார்கள். மூவரில் ஒருவர் துரோகியானால் உடன்பாடு இயலாது என்று பீஸ் முதலானோர் நிறுவிய 1980இன் தடை அப்படியேதான் இருக்கிறது. கேள்வியைத் தளர்த்தியதால் கிடைத்த வழி இது. நான்கு ஒளித்துகள்களைக் கொண்டு 2008இல் சோதனையும் நடந்தது.

டி'ஹோண்ட், பனங்காடன் (2006) வழி அழகானது. பெயரற்ற வலையத்தில், டபிள்யூ நிலையில் ஆளுக்கொரு கியூபிட்டை அளந்தால் ஒருவருக்கு மட்டும் 1 விழும், அவரே தலைவர். ஜிஎச்இசட் நிலையிலோ அனைவருக்கும் ஒரே விடை. ஆனால் இவ்வழி எல்லோரும் நேர்மையானவர்கள் என்றே கொள்கிறது, துரோகியைக் கணக்கில் எடுப்பதில்லை.

எங்கள் ஆசான் பயிற்றுவித்தது பென்-ஓர், ஹசிதிம் வழி (2005). எல்லாச் செய்தியையும் பார்க்கும், போகப்போக ஆளைப் பிடிக்கும் எதிரியின் முன்னால், உடன்பாட்டுக்குத் தேவையான, எல்லோருக்கும் ஒரே விடை தரும் பொது நாணயத்தைச் சுண்டுவதே சிக்கல். குவாண்டம் நாணயத்தில் அளக்கும்வரை விடையே தீர்மானமாகாததால், எதிரி முன்கூட்டிப் பார்க்க ஏதுமில்லை. ஒத்தியங்கும் அமைப்பில் துரோகிகள் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறைவாக இருந்தால், சராசரியாக மாறாத எண்ணிக்கையிலான சுற்றுகளில் உடன்பாடு முடிகிறது. இந்த நிரூபணத்தை ஆசான் கரும்பலகையில் வரிவரியாக நடத்துவார். ஒத்தியங்கும் அமைப்பா, எத்தனை துரோகிகள், எதிரி எதைப் பார்க்கிறான் என்ற மூன்றையும் இடது ஓரத்தில் எழுதாமல் எவரையும் பேச விடமாட்டார்.

யாரையும் குறித்துச் சொல்லவில்லை. இன்றைய இளைஞர்கள் நம்மைவிடத் திறமைசாலிகள். ஆயினும் அண்மைக்காலப் பேச்சுகள் சிலவற்றில் அந்த மூன்றும் இல்லை. பின்னலே செய்தியைச் சுமப்பதுபோல் பேசுகிறார்கள்! பின்னிய துகள்களை விநியோகிப்பவரே துரோகியானால் என்ன ஆகும் என்று கேட்டால், விடைக்குப் பதில் திரையில் வண்ணப்படம் மாறுகிறது. கீழ்வரம்பு நிரூபணம் கேட்போர் பழமைவாதிகளாம். வரையறை எழுதத் தெரியாதவருக்கு மேடை, கைதட்டல், அடுத்த ஆண்டும் அழைப்பு. மூத்தோர் நாற்பதாண்டு காத்த கண்டிப்பு நம் கண்முன்னே கரைகிறது. நாமும் பொன்னாடை போர்த்துகிறோம்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்திற்கு வரும் கட்டுரைகளின் முதல் பக்கத்திலேயே அந்த மூன்று விவரங்களும் இருக்க வேண்டும் என்று விதி செய்யும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.