எறும்பும் இரண்டு பென்னியும்

குழந்தைகளுக்கென்று எழுதப்படும் கதைகளை விமர்சனம் செய்யும் வழக்கம் நம்மிடையே அதிகம் இல்லை. குழந்தைகள்தானே, படித்துச் சிரித்தால் போதும், அதற்குமேல் அதில் என்ன பார்ப்பது என்பது பலருடைய அபிப்பிராயம். ஆனால் மனிதன் ஆயுள் முழுவதும் மறக்காமல் வைத்திருப்பது 5 வயதில் கேட்ட கதைகளைத்தான். 40 வயதில் படித்த நாவலின் கதாநாயகன் பெயர்கூட அடுத்த வருஷம் நினைவில் நிற்பதில்லை. ஆகையால் குழந்தைக் கதைகளைத்தான் மற்றவற்றைவிடக் கண்டிப்போடு படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவற்றிலும் பணத்தைப் பற்றிச் சொல்லும் கதைகளை இன்னும் ஒரு பிடி அதிகமான கண்டிப்போடு படிக்க வேண்டும்.

சேமிப்பைப் பற்றி நம் குழந்தை முதலில் கேட்பது எறும்பு, வெட்டுக்கிளி கதை. கோடையெல்லாம் எறும்பு தானியம் சேர்க்கிறது. வெட்டுக்கிளி பாடிக்கொண்டு திரிகிறது. குளிர் வந்ததும் வெட்டுக்கிளி பசியோடு எறும்பின் வாசலில் வந்து நிற்கிறது. கோடையில் பாடினாயே, இப்போது ஆடு என்று கேலி பேசிவிட்டு எறும்பு கதவைச் சாத்துகிறது. ஈசாப் பெயரில் வழங்கும் கதை இது. கிரேக்கத்தில் பாடியது சில்வண்டு. சில்வண்டு அதிகம் இல்லாத வட ஐரோப்பாவுக்குக் கதை போனபோது அது வெட்டுக்கிளி ஆயிற்று. அங்கிருந்து ஆங்கிலம் வழியாக நம் பாடப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்தது.

பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன் 1668-இல் வெளியிட்ட தம் கதைப் பாடல்களில் முதலாவதாக இதைத்தான் வைத்தார். அவர் செய்த ஒரு சின்ன மாறுதல் கவனிக்கத்தக்கது. அவருடைய சில்வண்டு பிச்சை கேட்கவில்லை; கடன் கேட்கிறது. அடுத்த அறுவடைக்குள் அசலும் வட்டியுமாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சத்தியம் செய்கிறது. எறும்புக்குக் கடன் கொடுக்கும் பழக்கம் இல்லை என்று கவிஞர் சொல்லி, அதை ஒரு குறையாகவே சொல்வதுபோல் ஒரு புன்னகையும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். தம் சொத்தைக் காப்பாற்றத் தெரியாமல், ஆதரித்தவர்கள் வீட்டில் நெடுங்காலம் இருந்தவர் அவர். எறும்பின் கட்சியில் அவர் இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

ரூஸோ 1762-இல் எழுதிய 'எமீல்' என்ற நூலில் இந்தக் கதையைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள் என்கிறார். சில்வண்டைக் காட்டி எச்சரிக்கிறோம் என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். குழந்தையோ எறும்பின் பக்கம் போய் நின்றுகொள்ளும். இல்லை என்று சொல்வதோடு, இல்லாதவனைக் கேலி செய்யவும் கற்றுக்கொள்ளும். இதுதான் அவருடைய ஆட்சேபம். நானறிந்த வரையில் இந்தக் கதைக்கு எழுதப்பட்ட விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது கிடையாது.

பின்னால் ஃபாப்ர் என்ற பூச்சி சாஸ்திரி தென் பிரான்ஸில் தம் வீட்டுத் தோட்டத்து மரத்தடியில் உட்கார்ந்து பார்த்து, கதையையே தலைகீழாகக் கவிழ்த்தார். சில்வண்டு குளிர்காலம் வரை உயிரோடு இருப்பதே இல்லை. அதற்குத் தானியம் தின்ன வாயும் இல்லை. கடும் வெயிலில் மரப்பட்டையைத் துளைத்துச் சாறு குடிப்பது அது. தாகத்தோடு வந்து அந்தத் துளையை மொய்த்து, அதன் காலைக் கடித்து இழுத்து, இடத்தைப் பிடித்துக்கொள்வது எறும்பு. நீதி சொல்ல வந்த கதைக்கு இயற்கை சரித்திரம் தேவையில்லை என்று சிலர் சமாதானம் சொல்லலாம். ஆனால் உழைத்தவன் யார், பறித்தவன் யார் என்பதையே மாற்றிச் சொல்லிவிட்டு நீதி போதிப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

என் பேத்திக்கு 6 வயது. அவள் அப்பா இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும், "எறும்பு சாப்பிட்டது போக மிச்சம் இருந்ததாப்பா?" என்று கேட்டாள். அது முக்கியம் இல்லை என்று அவன் சொல்லிவிட்டான். எனக்கோ அதுதான் முக்கியம் என்று பட்டது. தேவைக்கு எடுத்து வைப்பது சேமிப்பு. மிச்சத்தை என்ன செய்வது என்று யோசிக்கத் தொடங்கும் இடத்தில்தான் கொடையும் பிறக்கிறது, முதலீடும் பிறக்கிறது. கதை சரியாக அந்த இடத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறது.

முதலீட்டைப் பற்றி நம்மிடம் கதையே இல்லை என்று சொல்ல முடியாது. பஞ்சதந்திரத்தில் மாப்பானையைக் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டு படுத்த பிராமணன் இருக்கிறான். பஞ்ச காலத்தில் மாவை விற்பான். அந்தப் பணத்தில் ஆடு வாங்குவான். ஆடு குட்டி போடும். ஆட்டை விற்று மாடு, மாட்டை விற்று எருமை, பிறகு குதிரை, பொன், வீடு, பெண்டாட்டி, பிள்ளை. பிள்ளைக்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது. அப்புறம் கனவில் பெண்டாட்டியை உதைக்கக் காலை ஓங்க, பானை உடைந்து மாவெல்லாம் தலையில் கொட்டுகிறது. சொன்னவனின் கைத்திறன் அபாரம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அவன் திட்டத்தில் தவறு எங்கே இருக்கிறது? ஆடு குட்டி போடுவது பொய்யல்ல. பெருக்கத்தின் கணக்கை அவன் சரியாகத்தான் போடுகிறான். அவன் செய்யாதது ஒன்றுதான்: கட்டிலை விட்டு எழுந்து சந்தைக்குப் போகவில்லை. குழந்தைக்கு இந்த வித்தியாசம் சொல்லப்படுவதில்லை. பெருகும் என்று நினைப்பதே பைத்தியக்காரத்தனம் என்றுதான் அது எடுத்துக்கொள்கிறது. எறும்பு பூட்டி வைக்கச் சொல்லுகிறது. பிராமணன் கதை ஆசைப்படாதே என்று சொல்லுகிறது. இரண்டையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தெரிவது மண் உண்டியல் ஒன்றுதான்.

ஒரு சிறுவனின் கையிலிருக்கும் காசை முதலீடு செய்வதா வேண்டாமா என்பதையே நடுவில் வைத்து எழுந்த கதையாக எனக்குத் தெரிந்தது 'மேரி பாப்பின்ஸ்' படம். பி. எல். ட்ராவர்ஸ் 1934-இல் எழுதிய புத்தகத்தில் பறவைகளுக்கு இரை விற்கும் கிழவி உண்டு. ஒரு பொட்டலம் இரண்டு பென்னி. டிஸ்னி நிறுவனம் 1964-இல் எடுத்த படத்தில் அந்த இரண்டு பென்னியை எடுத்துக்கொண்டு போய் வங்கியின் வாசலில் வைத்தார்கள். சிறுவன் மைக்கேலுக்குத் தன் காசைப் பறவைகளுக்கு இரை வாங்கச் செலவிட ஆசை. வங்கியில் வேலை பார்க்கும் தகப்பனாருக்கு அவன் அதைக் கணக்கில் போட வேண்டும் என்று ஆசை. கிழட்டு முதலாளி காசைப் பையன் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறார். என் காசைக் கொடு என்று பையன் கத்துகிறான். அது வெளியே நிற்பவர்கள் காதில் விழுகிறது. ஒரு வாடிக்கைக்காரருக்கே அவர் பணத்தைத் தர மறுக்கிறார்களாம் என்று ஆளாளுக்குப் பணத்தை எடுக்க ஓடி வருகிறார்கள். வங்கி ஸ்தம்பித்துப் போகிறது. வங்கி என்பது கட்டடமும் இரும்புப் பெட்டியும் அல்ல, ஊராரின் நம்பிக்கை என்பதை ஒரு குழந்தைக்கு இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் காட்டியதில்லை. ட்ராவர்ஸின் தகப்பனாரே ஆஸ்திரேலியாவில் வங்கி மானேஜராக இருந்து, குமாஸ்தாவாகப் பதவி இறக்கப்பட்டு, மகளுக்கு 7 வயதாகும்போது இறந்துபோனவர். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படத்தில் வரும் தகப்பனாரின் முகம் வேறு மாதிரி தெரியும்.

அதே வங்கிக் காட்சியில் முதலாளிகள் பையனைச் சுற்றி நின்று, உன் காசு எங்கெல்லாம் போகும் தெரியுமா என்று பாடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் ரயில் பாதை, நைல் நதியில் அணை, கப்பல்கள், தேயிலைத் தோட்டங்கள். கதை நடப்பது 1910-இல். அந்தக் காலத்தில் லண்டன் பணம் போய்ச் சேர்ந்த தேயிலைத் தோட்டங்களில் இலங்கைத் தோட்டங்களும் உண்டு. அங்கே அட்டைக்கடியில் நின்று கொழுந்து பறித்தவர்கள் நம் ஊர்களிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைப் படித்தவர்களுக்கு அந்தப் பாட்டைக் கேட்டுச் சிரிக்க வராது. காசு வங்கிக்குள் போய்த் தூங்குவதில்லை, எங்கோ ஒரு மனிதனின் முதுகில் போய் ஏறுகிறது, அல்லது அவன் கைக்குக் கருவியாகிறது. முதலீடு என்றால் என்ன என்று குழந்தைக்குச் சொல்லத் தொடங்குகிறவன் இந்த இரண்டையும் சொல்ல வேண்டும். பாட்டு கப்பலைக் காட்டுகிறது. ஏறிப் போனவர்களைக் காட்டவில்லை.

2018-இல் இந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சி எடுத்தார்கள். மைக்கேல் வளர்ந்து, மூன்று குழந்தைகளுக்குத் தகப்பனாகி, கடனில் வீட்டை இழக்கப் போகிறான். கடைசி நிமிஷத்தில், சின்ன வயதில் அவன் கொடுத்த அந்த இரண்டு பென்னி முதலீட்டில் வளர்ந்து கடனையே அடைத்துவிடும் அளவுக்கு ஆகிவிட்டது என்று தெரிகிறது. முதல் படம் சொன்னதை இரண்டாம் படம் அழித்துவிட்டது. அன்று காசைப் பிடுங்கியவர்கள் செய்தது நல்லதற்குத்தான் என்றாகிவிட்டது. அது போகட்டும், கணக்காவது சரியா? ஏறத்தாழ 25 வருஷம். நூற்றுக்கு 5 வட்டி, வட்டிக்கு வட்டி என்று போட்டாலும் இரண்டு பென்னி ஏழு பென்னியைத் தொடாது. நூற்றுக்கு 10 என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு ஷில்லிங் தேறாது. அதில் வீட்டுக் கதவுக்கு ஒரு கீல் வாங்கலாம்.

குழந்தைப் படத்தில் வட்டிக் கணக்குப் பார்ப்பதா என்று நீங்கள் கேட்கலாம். மேரி பாப்பின்ஸ் குடையைப் பிடித்துக்கொண்டு வானத்தில் பறப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை. குழந்தை அதை மாயம் என்று தெரிந்துதான் ரசிக்கிறது. இரண்டு பென்னி வீடாவதை அது மாயம் என்று எடுத்துக்கொள்வதில்லை. வங்கி செய்யும் வேலை அது என்று நினைத்துக்கொள்கிறது. பணம் சீக்கிரம் பன்மடங்காகும் என்று ஆசை காட்டி ஊரைச் சுருட்டுகிறவர்கள் நம்பியிருப்பதும் இந்த நினைப்பைத்தான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியைத் தலைகீழாகச் சொல்லி, முந்திரியும் காணியும் மாவும் மனத்தில் ஏற்றிக்கொண்ட பழைய காலத்துப் பையன் இந்த இடத்தில் சிரித்திருப்பான். அந்தப் படிப்பில் வேறு குறைகள் எத்தனையோ உண்டு. ஆனால் பணத்தை அது நீதியாகக் கற்பிக்கவில்லை, கணக்காகக் கற்பித்தது.

காத்திருக்கத் தெரிந்த குழந்தையே முன்னுக்கு வரும் என்று ஒரு பேச்சு உண்டு. மிஷெல் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், ஸ்டான்ஃபோர்டில் குழந்தைகள் முன் ஒரு தின்பண்டத்தை வைத்து, இப்போதே தின்றால் ஒன்று, காத்திருந்தால் இரண்டு என்று சொல்லிச் செய்த பரிசோதனையிலிருந்து கிளம்பிய பேச்சு அது. 2013-இல் வேறு சிலர் அதையே கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். 28 குழந்தைகளில் பாதிப் பேரிடம் நல்ல வர்ணக் குச்சிகள் கொண்டுவருவதாகச் சொல்லிக் கொண்டுவந்தார்கள். மறுபாதியிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். பிறகு தின்பண்டத்தை வைத்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரி 12 நிமிஷம் காத்திருந்தன. ஏமாற்றப்பட்டவை 3 நிமிஷத்தில் எடுத்துத் தின்றுவிட்டன. அவற்றை அவசரக் குடுக்கைகள் என்று சொல்வது அநியாயம். கண்டதை வைத்துச் சரியாகத்தான் முடிவு செய்திருக்கின்றன.

சென்னைக்கு இந்தப் பாடம் 1906-லேயே கிடைத்தது. அந்த வருஷம் அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி மூழ்கியபோது, சிறுகச் சிறுகச் சேர்த்து அதில் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அவர்கள் எல்லோரும் எறும்புகள்தாம். கோடையில் பாடியவர்கள் அல்ல. கதை சொன்னபடியே சேர்த்தார்கள், குளிர்காலத்தில் பசித்தார்கள். அர்பத்நாட் துரை சிறைக்குப் போனார். மறு வருஷமே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானவர்கள் முன்னின்று இந்தியன் வங்கியை ஆரம்பித்தார்கள். ஏமாந்த ஊரே மறுபடி பணம் போட முன்வந்ததுதான் இதில் எனக்குப் பெரிய அதிசயம். எறும்பின் கதையில் இதற்கெல்லாம் இடமில்லை. அதன் தானியம் அதன் வளையிலேயே இருக்கிறது.

இன்று 10 வயது நிறைந்த பிள்ளை தபாலாபீஸில் தன் பெயரில் சேமிப்புக் கணக்கு வைத்துத் தானே கையெழுத்துப் போட்டு நடத்தலாம். நல்ல ஏற்பாடு. கையெழுத்துப் போடுமுன் அந்தப் பிள்ளை படிக்க நம்மிடம் நல்ல கதை இல்லை என்பதுதான் என் குறை.

சொல் மட்டும் இருக்கிறது. உண்டியல் என்றால் குழந்தை காசு போடும் மண் கலயம். கோயிலில் காணிக்கை போடும் பெட்டியும் உண்டியல்தான். ஊர் விட்டு ஊர் பணம் கொடுக்க வாங்க வியாபாரிகள் எழுதிக்கொடுத்த சீட்டுக்கும் உண்டியல் என்றே பெயர். வைத்துக்கொள்வது, கொடுத்துவிடுவது, நம்பி அனுப்புவது மூன்றையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகியவர்கள் நாம். கதையில் மட்டும் ஏன் முதலாவதோடு நின்றுவிட்டோம் என்று தெரியவில்லை.

எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். லா ஃபோந்தேன் திறந்து வைத்துவிட்டுப் போன இடத்திலிருந்து தொடங்கலாம். எறும்பு தன் தேவைக்கு எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தில் ஒரு படியை அளந்து சில்வண்டுக்குக் கடனாகக் கொடுக்கிறது. அறுவடைக்காலம் வருகிறது. சில்வண்டு திரும்பி வந்ததா? வந்தாலும் கதை இருக்கிறது, வராவிட்டாலும் கதை இருக்கிறது. இரண்டையுமே நம் குழந்தைகளால் தாங்க முடியும்.