தொண்டை நாட்டுத் தச்சில் மூட்டின் இறுக்கம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கு இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் மரப்பெட்டிகளில் ‘எச்.டி.’ என்றொரு முத்திரை இருக்கும். பிரித்த பெட்டியின் சட்டங்கள் பட்டறைக்குப் போனால் மேசையாகவும் அலமாரியாகவும் மறுபிறவி எடுக்கும். முத்திரை இருப்பதால் மரம் உலர்ந்தது என்று நம்பி வேலையைத் தொடங்குவது பெரும்பிழை. அது பூச்சி ஒழிப்புக்கான அடையாளம். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடம் நின்றது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. ஈரம் உள்ளேயே இருக்கலாம். ஐப்பசி மழையில் துளைக்குள் அடித்து இறக்கிய கழுந்து (சட்ட முனையில் செதுக்கிய நாக்கு) கத்திரி வெயிலில் ஆடத் தொடங்குவது இதனால்தான்.

ஆகவே இறுக்கமான மூட்டைப் பற்றிய பேச்சை உளியிலிருந்து தொடங்க எனக்கு மனம் வரவில்லை. சுருக்கம் குறைவு என்று பேர்பெற்ற தேக்கே, பச்சையிலிருந்து முழுக்க உலரும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காடு சுருங்குகிறது. மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் அதில் பாதிதான். நீளவாக்கில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். இந்த மூன்று திசைகளையும் கண்ணால் பிரித்தறியத் தெரிந்தவர் கையில்தான் மூட்டு நிற்கும்.

மரத்தின் போக்கைப் பார்த்தே இணைக்க வேண்டும் என்பதைப் பழைய சிற்ப நூல்கள் அறிந்திருந்தன. மயமதம், மானசாரம் இரண்டிலுமே 17ஆம் அத்தியாயம் மரங்களை இணைக்கும் விதியைச் சொல்கிறது. மல்லலீலம், பிரம்மராஜம், வேணுபர்வம் என்று மூட்டுகளுக்குப் பெயரிட்டு வகுக்கிறது. மரத்தின் அடிமுனை எது, நுனிமுனை எது என்று பார்த்து இணைப்பது அந்த மரபின் அடிப்படைப் பாடம். 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரியில் இந்த மரபு இன்று வகுப்பறைக் கல்வியாகவும் இருக்கிறது.

நம் வட்டாரத்தில் அந்த மரபின் பெரிய சாட்சி கோயில் தேர். திருவள்ளூர் வீரராகவர் தேரானாலும் சிற்றூர்த் தேரானாலும், இலுப்பை, தேக்கு, வேங்கைச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒன்றையொன்று கவ்வச் செய்திருப்பார்கள். வீதி முனையில் திரும்பும்போது அடிச்சட்டங்கள் எல்லாம் முறுகும். அந்த முறுக்கலை வாங்கிக்கொள்ளும் அளவு நெகிழ்வு மூட்டில் இருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் வெளியில் நின்று தளர்ந்ததைத் திருவிழாவுக்கு முன் ஆப்பு அடித்து மறுபடி இறுக்கிக்கொள்வதும் தேர்த்தச்சின் வழியே.

வீட்டுத் தச்சு இதற்கு நேர்மாறு. நிலை, கதவு வேலைக்கு மத்தியப் பொதுப்பணித் துறை வகுத்திருக்கும் விதி, கழுந்து துளைக்குள் முழுமையாக, ஆப்போ நிரப்புப் பொருளோ இல்லாமல் அமர வேண்டும் என்கிறது. பசை தடவி, அழுத்திப் பிடித்து, மூங்கில் அல்லது வலுமர முளையால் பூட்ட வேண்டும். நான் இந்த விதியின் பக்கம். கதவு மூட்டில் ஆப்பைத் தேடுகிற கை, பெரும்பாலும் கோட்டைத் தாண்டி அறுத்த கையாக இருக்கும். கீறுகோலால் மெல்லிய கோடு கிழித்து, கோடு மரத்திலேயே மிஞ்சும்படி வெளிப்பக்கம் அறுத்து, மிச்சத்தை உளியால் மயிரிழை மயிரிழையாகச் சீவி எடுப்பவருக்கு ஆப்பு தேவைப்படாது. கழுந்தின் கனம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற பழைய அளவும் வீண் இல்லை: அதைவிடத் தடித்தால் துளையின் கன்னம் பிளக்கும், மெலிந்தால் கழுந்தே ஒடியும். முளைத்துளையைக் கழுந்தில் மட்டும் தோள்பக்கமாக ஒரு நூல் தள்ளிப் போடுவது இன்னும் நுட்பமான வேலை. முளை இறங்க இறங்கத் தோள் சட்டத்தோடு தானே வந்து ஒட்டிக்கொள்ளும்.

பழவேற்காட்டுப் பக்கம் போனால் கதை வேறு. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்திரியாக் கோட்டை கட்டியதும், 1690 வரை தங்கள் சோழமண்டலக் கரைத் தலைமையை வைத்திருந்ததும் அங்கேதான். அந்த நூற்றாண்டில் இந்தக் கரையில் செய்த கருங்காலி நாற்காலிகள் ஐரோப்பாவுக்குப் போயின. 18ஆம் நூற்றாண்டில் ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் அவற்றைத் தம் நாட்டின் பழைய டியூடர் காலத்து வேலை என்றே நம்பிச் சேகரித்தார். கருங்காலி எளிதில் வெடிக்கும் மரம். அதில் கழுந்தை ஓங்கி அடித்து இறக்க முடியாது. அளந்து வெட்டிய அளவே அங்கே இறுக்கம்.

அதே கரையில் மசூலாப் படகு கட்டியவர்கள் ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்தார்கள். அலை கரையில் மோதும்போது அந்தத் தையல் வளைந்து கொடுத்தது; விறைப்பாகப் பூட்டிய படகு அங்கே பிளந்திருக்கும்.

இன்றைய பட்டறைகளில் ஆயத்த மூட்டுகளை இயந்திரம் துல்லியமாகவே வெட்டித் தருகிறது. குறை நேர்வது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பலகைக் கதவில் சட்டங்களின் மூட்டை எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கலாம். நடுப்பலகையை அது அமரும் பள்ளமான காடியில் ஒட்டிவிடக் கூடாது. பக்கவாட்டில் அது நகர இடம் வேண்டும். பசை மிஞ்சியது என்று காடியிலும் தடவிய கதவு, அடுத்த கோடையில் பலகையின் நடுவே வெடிக்கும். பழுது பார்க்க வருபவர் அந்த வெடிப்பில் பட்டி பூசிவிட்டுப் போகாமல், காடியைத் திறந்து பலகையை விடுவிக்க வேண்டும்.