மெதுவாகவும் ஓடும் சாணை

ஓட்டுச் சக்கரத்தின் விட்டம் 100 மி.மீ.; மோட்டார் நிமிடத்துக்கு 2,800 சுற்று. கணக்குப் போட்டால் எமரி பெல்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 880 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 53 கிலோமீட்டர் வேகத்தில் உப்புத்தாள் விரல் நுனிக்குப் பக்கத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2×72 பெல்ட் கிரைண்டரை எல்லோரும் இந்த வேகத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். நானும் அதற்காகத்தான் வாங்கினேன். ஓட்டிப் பழகிய பிறகு எனக்குத் தோன்றுவது வேறு: இதில் காசு கொடுக்கத் தகுந்த பாகம், வேகத்தைக் குறைக்கிற அந்தச் சின்னப் பெட்டிதான்.

கத்தி அடிப்பதைத் தொழிலாக இல்லாமல் ஆசைக்குச் செய்கிறவர்களின் பட்டறையில் மற்றதெல்லாம் எப்படியாவது சேர்ந்துவிடும். பழைய இரும்புக் கடையில் கிடைத்த கனத்த கட்டி பட்டடை ஆகும். கேஸ் பர்னரும் செராமிக் கம்பளியும் கிடைத்தால் உலை தயார். லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டினால் ஒரு வருஷத்துக்கு எஃகு. பெல்ட் கிரைண்டர் மட்டும் அப்படித் தானாக வந்து சேராது. ஓடுகிற நிலையில் உள்ள பழைய ஸ்கூட்டர் ஒன்றின் விலையை எண்ணி வைக்க வேண்டும். வீட்டில் அதற்குக் காரணமும் சொல்ல வேண்டும்.

2 அங்குல அகலம், 72 அங்குலச் சுற்றளவு என்பது அமெரிக்கக் கத்திக்காரர்களிடம் நிலைத்துப்போன அளவு. இங்கே கடையில் 50 × 1830 மி.மீ. என்று கேட்டால் போதும். கேஎம்ஜி, வில்மான்ட் என்று அங்கே பெயர்பெற்ற எந்திரங்கள் உண்டு. கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆசை அங்கேயே அடங்கிவிடும். நான் வாங்கியது, கோவைப் பக்கத்து ஃபேப்ரிகேஷன் பட்டறை ஒன்று அதே அமைப்பில் செய்து தருவது. உடம்பு 10 மி.மீ. இரும்புத் தகடு. 2 எச்பி மோட்டார். மேலே, பெல்ட்டை இடம் வலமாக நகர்த்தி நேர்ப்படுத்தும் சக்கரம். முன்னால் கழற்றி மாட்டக்கூடிய கை. அந்தக் கையில் மாட்ட, பெல்ட்டைப் பின்னாலிருந்து தாங்கும் தட்டையான பிளாட்டன் ஒன்றும் ரப்பர் போர்த்திய 200 மி.மீ. சக்கரம் ஒன்றும் கூட வந்தன.

இதற்கு முன் அரமும் நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரும்தான். அரம் நிதானமானது, ஏமாற்றாது, தோளை முறித்துவிடும். ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றில் பறந்து, கண்மூடித் திறப்பதற்குள் கத்தியின் வாய்ப்பக்கச் சரிவில் பள்ளம் போட்டுவிடும். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிப்பவர்கள் 2×72 எதுவும் இல்லாத காலத்திலேயே பெயர் வாங்கியவர்கள். கைதேர்ந்த கொல்லனுக்குச் சம்மட்டியே பாதிச் சரிவை இறக்கித் தந்துவிடும். மிச்சம் தேய்க்க வேண்டியது கொஞ்சம்தான். நம் அடி அவ்வளவு தேறவில்லை. தடிமனாக அடித்து நிறுத்திவிட்டு, மீதியைத் தேய்த்தே எடுக்கிறோம். பெல்ட் கிரைண்டர் நம் சம்மட்டியின் குறையை மறைக்கிற எந்திரம் என்று சொன்னால் சக ஆசைக் கொல்லர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் தலைவலி மின்சாரம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி பெட்டி, வீட்டின் சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்டை வாங்கி, அதே 230 வோல்ட்டில் த்ரீ ஃபேஸாக மாற்றித் தருகிறது. நம் ஊர் 2 எச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் வருகின்றன. அதை அப்படியே மாட்டினால் மோட்டார் சுற்றும். இரும்பை அழுத்தினால் மூச்சு வாங்கும், இன்னும் அழுத்தினால் நின்றுவிடும். எனக்கு வந்தது அப்படித்தான் இருந்தது. டெல்டாவாக மாற்றலாம் என்று மூடியைத் திறந்தால் மூன்று வயர்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வைண்டிங் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: “ஸ்டார் பாயின்ட்டை உள்ளயே முடிஞ்சு வெச்சிருக்காங்க சார். பிரிச்சு ஆறு வயரா வெளிய எடுத்துட்டா டெல்டா பண்ணிக்கலாங்க.” அதன் பிறகு அது வேறு எந்திரம். செய்து விற்றவர்கள் தங்கள் பட்டறையிலேயே முடித்திருக்க வேண்டிய வேலை இது.

அடுத்தது, மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி. விஎஃப்டியின் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எர்த்துக்குக் கசிவது இயல்பு. வீட்டில் இருக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி அதையே ஆபத்து என்று எடுத்துக்கொண்டு விழுந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம் என்கிற எலெக்ட்ரீஷியனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். விஎஃப்டிக்கு ஏற்ற வகை ஆர்சிசிபி தனியாக உண்டு. கீசருக்கு இழுப்பதுபோல 16 ஆம்பியர் தனி லைன் இழுத்து, அதில் அதைப் போட வேண்டும்.

எந்திரவேலையைப் பொறுத்தவரை உடம்பு கனமாக, அதிராமல் நிற்கிறது, அதில் குறையில்லை. நேர்ப்படுத்தும் சக்கரத்தின் கீல்தான் பலவீனம். கையால் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது. வேகம் கூடும்போது பெல்ட் ஓரிரண்டு மி.மீ. அங்குமிங்கும் அலைகிறது. லேத்தில் ஒரு பித்தளை புஷ் கடைந்து போட்டதும் அடங்கியது. வேலைப்பொருளை வைக்கும் மேசையும் பிளாட்டனும் மூலைமட்டத்துக்கு நிற்கவில்லை, நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஷிம் கொடுத்துச் சரிசெய்யக்கூடியதுதான். பிளாட்டன் வெறும் இரும்பு. பெல்ட்டின் முதுகு உரசி உரசி அதில் குழி விழும், குழி விழுந்தால் சரிவு தட்டையாக வராது. முகப்பில் செராமிக் கண்ணாடிப் பட்டை ஒன்றை எபாக்சியால் ஒட்டிவிடுவது நல்லது. இரும்பைப்போலச் சீக்கிரம் தேயாது.

இனி வேலைக்கு வருவோம். அடித்து முடித்த அலகின்மேல் கருப்பாகச் செதில் படிந்திருக்கும். இந்தச் செதில்மேல் புது பெல்ட்டை வைத்தால் பெல்ட்டின் பல் மழுங்கிவிடும். இரவு முழுக்க வினிகரில் ஊறவைத்தால் காலையில் கம்பிப் பிரஷ்ஷுக்கே வந்துவிடும். பிறகு வாய்ப்பக்கத்தில் நடுக்கோடு கீற வேண்டும். அலகு 4 மி.மீ. தடிமன் என்றால் 4 மி.மீ. டிரில் பிட் ஒன்றைத் தட்டையான மேசையில் படுக்கவைத்து, அலகையும் பக்கத்தில் படுக்கவைத்து, பிட்டின் நுனியால் வாய் நெடுகக் கீறினால் கோடு சரியாக நடுவில் விழும். விலை உயர்ந்த அளவுகோல் எதுவும் இதைவிடச் சுலபமாகச் செய்துவிடாது.

36 கிரிட் செராமிக் பெல்ட், முழு வேகம். முழங்கைகளை விலாவோடு ஒட்டி இறுக்கிக்கொண்டு, கையை அசைக்காமல் இடுப்பிலிருந்து உடம்பை நகர்த்த வேண்டும். முதலில் வாயை 45 டிகிரியில் சாய்த்து, நடுக்கோடு வரை சும்மா ஒரு முனை உடைப்பு. அதன் பிறகு கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்கவைத்தால் சரிவு முதுகை நோக்கி ஏறும். எங்கே அழுத்துகிறோமோ அங்கே தேயும் என்று நினைப்போம். அது முழு உண்மை இல்லை. முதுகுப்பக்கம் கட்டைவிரல் கொடுக்கும் நெருக்கத்தில் ஒரு மயிரிழை கூடினால் சரிவு மேலே தாவிவிடுகிறது. பக்கம் மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் வாய் கோணும். செராமிக் பெல்ட்டைப் பயந்து பயந்து தடவவும் கூடாது. அதன் மணிகள் அழுத்தத்தில் உடைந்து உடைந்துதான் புதுக் கூர்மை காட்டும். தடவினால் பளபளத்துப்போய் வெட்டாமல் சூடு மட்டும் ஏற்றும். அரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கும் சரிவு, இதில் காலைப் பலகாரத்துக்கு முன்னால் முடிகிறது. வாயில் 0.8 மி.மீ. தடிமன் விட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதைவிட மெலிந்தால் தோய்ச்சலில் வளையும், விரியும்.

தோய்ச்சல் இந்த விமர்சனத்துக்குள் அடங்காது. ஸ்பிரிங் பட்டையானால் காந்தம் ஒட்டாமல் போகும் 770 டிகிரியையும் தாண்டி 830 அளவில் பிடித்து, வெதுவெதுப்பான எண்ணெயில் இறக்கி, பிறகு 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு தடவை பதம் இறக்க வேண்டும் என்பதோடு நிறுத்துகிறேன். கவனிக்க வேண்டியது அந்த 200. இதற்குப் பிறகு அலகின் எந்த மூலையும் அந்தச் சூட்டைத் தாண்டக் கூடாது. முழு வேகத்தில் ஓடும் பெல்ட், 0.8 மி.மீ. வாயை அதற்குமேல் கொண்டுபோக ஒரு மூச்சு நேரம் போதும். முனை மெலிந்தது என்பதால் முதலில் சூடாவது அதுதான். நீலம் படர்ந்துவிட்டால் அங்கே 300 டிகிரியைத் தொட்டாயிற்று, பதம் போயிற்று. மேலே மெருகேற்றி நீலத்தை அழித்துவிடலாம், போன கெட்டித்தன்மை திரும்பாது.

விஎஃப்டி தன் விலையை நியாயப்படுத்துவது இங்கேதான். 20 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் பெல்ட் நிமிடத்துக்கு 350 மீட்டர். 120 கிரிட்டில், பழசாகாத பெல்ட். வெறுங்கையில் பிடிக்க வேண்டும். சூடு தெரிவதற்காக மட்டும் இல்லை, ஓடும் பெல்ட்டுக்கு முன்னால் கையுறை போட்டால் அது கையோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஒவ்வோர் இழுப்புக்கும் பிறகு வாளித் தண்ணீரில் ஒரு முக்கு. அலகில் ஒட்டியிருக்கும் தண்ணீர்த் துளியைப் பார்த்துக்கொண்டே தேய்த்தால் போதும். அது வாய் ஓரமாக ஓடி வந்து சுருங்க ஆரம்பித்தால் எடுத்துவிட வேண்டும். 20 ஹெர்ட்ஸில் இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது, 50-இல் இல்லை. ஒரு குறை: மெதுவாக ஓடும்போது மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் உடம்பு சுடுகிறது. 20-க்குக் கீழே நீண்ட நேரம் ஓட்ட நான் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு கவலை தேவையா என்று கேட்பவர்களுக்கு: 1976-இல் தொடங்கிய அமெரிக்கன் பிளேடுஸ்மித் சொசைட்டி தன் ஜர்னிமேன் தகுதிக்கு வைக்கும் சோதனையைப் பாருங்கள். தொங்கவிட்ட ஓர் அங்குலக் கயிற்றை அலகு ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். 2×4 மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் கை முடியை மழிக்க வேண்டும். கடைசியில் வைஸில் மாட்டி 90 டிகிரி வளைத்தால் முறியக் கூடாது. எந்திரத்தில் வாயைச் சுட்டுவிட்ட கத்தி மரத்தோடேயே மழுங்கிவிடும். நான் செய்வதெல்லாம் அடுக்களைக் கத்திகள்தான்; அவற்றுக்குப் பரங்கிக்காயும் தேங்காய்ச் சிரட்டை ஓரமும் போதுமான பரீட்சை.

பெல்ட்தான் ஓயாத செலவு. ஒன்று சில நூறு ரூபாய் என்று லேசாகத் தோன்றும். ஒரு கத்திக்கு 36, 60, 120, 220 என்று நான்கு தேவை, அவற்றில் 36 சீக்கிரம் தீரும். தொழில்நகரங்களில் அளவு சொன்னால் வெட்டி ஒட்டித் தருகிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டிய இணைப்பு பிளாட்டனைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் டப் டப் என்று தட்டி, 220-இல் வரிவரியாகக் கோடு போடும். முனையோடு முனை சேர்த்து, பின்னால் டேப் ஒட்டிய இணைப்பைக் கேட்டு வாங்குங்கள். மடித்து வைக்கக் கூடாது. ஆணியில் தொங்க விட வேண்டும். மழைக்காலத்தில் துணி பெல்ட்டுகள் ஈரம் வாங்கிச் சுருண்டுகொள்வது எரிச்சல்.

பிடி போடும்போது இந்த எந்திரத்தின் இன்னொரு குணம் தெரிகிறது. பிளாட்டனைக் கழற்றிவிட்டால் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே பெல்ட் தளர்ந்து கொடுக்கும். புளிய மரத்துப் பிடியை அதில் உருட்டினால் உள்ளங்கைக்கு ஏற்ற வளைவு தானாக வரும். ஆனால் மரத்தூளும் இரும்புப் பொறியும் ஒரே வாளியில் சேரக் கூடாது. தூளுக்குள் விழுந்த பொறி உடனே எரியாது, ராத்திரி எரியும். இரும்புக்குக் கீழே தண்ணீர் வாளி, மரத்துக்கு வாக்யூம், இரண்டுக்கும் முகத்தில் நல்ல கார்ட்ரிட்ஜ் மாஸ்க். துணியைக் கட்டிக்கொள்வது கண்துடைப்பு. அதே தூள் விஎஃப்டிக்கும் எமன்: இரும்புத்தூள் மின்சாரம் கடத்தும், விசிறி வழியாக உள்ளே போனால் போர்டு எரியும். என்னுடைய எந்திரத்தில் பெட்டியைத் திறந்தவாக்கில், பெல்ட்டுக்கு நேர் கீழேயே மாட்டியிருந்தார்கள். சுவரில் உயரமாக, தூசி புகாத பெட்டிக்குள் மாற்றியாயிற்று.

முதல் கத்தி செய்யப் போகிறவருக்கு இது வேண்டாம். அரமும் வினிகரும் பொறுமையும் போதும். சரிவு எப்படி ஏறுகிறது என்பதை அரம்தான் கைக்குக் கற்றுக்கொடுக்கும். மாதம் ஒரு கத்தியாவது முடிக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். பணம் கொடுக்கும் முன் பட்டறையிலேயே ஒரு பெல்ட்டை மாட்டி 20 ஹெர்ட்ஸிலும் 50-லும் ஓட விடச் சொல்லுங்கள். மேல் சக்கரத்தின் கீலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். மோட்டாரின் மூடியைத் திறந்து எத்தனை வயர் வெளியே இருக்கிறது என்று எண்ணுங்கள். விலை குறைக்க மாட்டேன் என்றால் 200 மி.மீ. சக்கரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அதற்கான காசுக்கு 36 கிரிட் பெல்ட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். என் சக்கரம் வந்த அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது.