மாடியில் ஆறடி மீன் தொட்டி

கான்சாபுரத்தில் மாடி ஹாலில் ஆறடி மீன் தொட்டி வைக்கலாமா என்று கேட்டால், "கம்பி போட்ட தளம், தாராளமா வைங்க" என்றுதான் கொத்தனார் சொல்வார். கணக்கு அவ்வளவு தாராளமாக இல்லை.

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 680 லிட்டர் தண்ணீர். கண்ணாடி, கூழாங்கல், இரும்பு ஸ்டாண்டு சேர்ந்தால் 900 கிலோவை நெருங்கும். நிற்கும் இடமோ 12 சதுர அடி. சதுர அடிக்கு 75 கிலோ. வீட்டுத் தளத்தில் ஆட்கள், சாமான்களுக்காக ஐ.எஸ். 875 தர விதி ஒதுக்குவது சதுர மீட்டருக்கு 200 கிலோ, அதாவது சதுர அடிக்கு 18 கிலோ சொச்சம். நான்கு மடங்கு!

இதைப் பார்த்து மிரள்பவர்களும் அவசரக்காரர்களே. அந்த 18 கிலோ, அறை முழுக்க ஒரே நேரத்தில் பாரம் இருப்பதாக வைத்துப் போட்டது. 10க்கு 12 அடி அறைக்கு மொத்தம் 2,200 கிலோ வரும்; தொட்டியின் 900 கிலோ அதற்குள் அடங்கிவிடும்.

எனவே தொட்டி எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. 10 அடி அகலத் தளத்தில் முக்கியக் கம்பிகள் குறுக்கே ஓடி நீளச் சுவர்களில் உட்காரும். அந்தச் சுவரை ஒட்டி நீளவாக்கில் வைத்தால், தளத்தை வளைக்கும் விசை விதி எதிர்பார்த்ததில் ஏறத்தாழ பாதிதான். நடு ஹாலில் வைத்தால் ஒன்றரை மடங்கு.

"விசேஷத்துக்கு மாடியில கூட்டம் நிக்கலையா?" என்பார்கள். கூட்டம் கலைந்துவிடும், தொட்டி வருடக்கணக்கில் நிற்கும். நிலையான பாரத்தில் கான்கிரீட் மெல்லத் தொய்யும். தளம் இடியாமலே ஸ்டாண்டு ஒரு பக்கம் தாழ்ந்து கண்ணாடி விரிசல் விடலாம். 2022 டிசம்பரில் பெர்லின் ஹோட்டலில் 10 லட்சம் லிட்டர் அக்வாடோம் மீன் தொட்டி உடைந்தபோதும் போனது தொட்டிதான், தரை அல்ல.

என் தீர்ப்பு: மர உத்திரத்தில் செங்கல் அடுக்கிய பழைய மட்டப்பா வீட்டு மாடியிலும், பால்கனியிலும் ஆறடித் தொட்டி கூடவே கூடாது. கான்கிரீட் மாடியில் கம்பி தாங்கும் சுவரோரம் வைக்கலாம், அடிப்பக்கம் விரிசலோ துருக்கறையோ இல்லையென்றால். கீழ்த்தளம் இன்னும் நல்லது, ஆனால் கரிசல் மண்ணிலோ சரியாகக் கெட்டிக்காத நிரவல் மண்ணிலோ போட்ட தரை என்றால் முதலில் ரசமட்டம் பார்க்க வேண்டும். கம்பி எந்தத் திசை என்று வீடு கட்டியவருக்கே தெரியாவிட்டால் நான்கடித் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்: ஒன்றரை அடி அகல உயரத்தில் அது 350 கிலோவைத் தாண்டாது.