தேறல்: ஒரு சொல்லும் அதன் தெளிவும்

சங்கச் சான்றோர் ஆண்ட கள், நறவு, தேறல் என்பவற்றை ஒருபொருட் சொற்களெனக் கொள்வோர் உளர். செய்யுளில் அவை ஒன்றனிடத்து ஒன்று வழங்கினும் பிறப்பு வேறாகும். தேறல், தெளிதலைக் குறிக்கும் ‘தேறு’ என்னும் வினையடியாகப் பிறந்தது; துயருற்றார்க்குக் கூறும் தேறுதலும் அவ்வடியினதே. பழைய உரையாசிரியர்கள் இதற்குக் கள்ளின் தெளிவு எனப் பொருளுரைப்பர்.

புறநானூற்று 56ஆம் பாட்டில், யவனர் கொணர்ந்த மதுவையும் நக்கீரர் தேறலென்றே சுட்டிப் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகின்றார். எனவே இச்சொல் உணர்த்தியது பனையையோ தென்னையையோ அன்று, பக்குவத்தையே.

பின்வந்த வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்திற் கடிந்தது அறிவின் மயக்கத்தை. அப்பத்துக் குறள்களிலும் தேறல் என்னுஞ் சொல் இல்லை. அவ்வறநோக்கைச் சங்கப் பாடல்மீது ஏற்றி, புரவலன் அளித்த விருந்தை வெறுங் குடிவெறியாகக் காண்பது திறனாய்வாகாது. சொல்லின் வரலாற்றை அறிந்த பின்னரே சமுதாயத்தை மதிப்பிடல் வேண்டும்.