மோட்டார் மோகன்

விநாயக் சந்திரசேகரனின் ‘குட் நைட்’ (2023) பார்த்துவிட்டு முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர், ‘எனக்கும் அதே கேஸ். டாக்டரிடம் போகாமல் சரிபண்ண முடியுமா சார்?’ என்கிறார்.

முதலில் படம். குறட்டையால் ‘மோட்டார்’ மோகன் என்று பெயரெடுத்தவனின் கூச்சத்தை மணிகண்டன் அலட்டிக்கொள்ளாமல் நடித்திருக்கிறார். நம் சினிமாவில் குறட்டை என்றால் காமெடியன் சமாசாரம். அதைப் புருஷன், பெண்டாட்டி இருவரின் துக்கமாகக் காட்டியது சாதனைதான். ஒரே ஒரு குறை: படத்தின் கவனமெல்லாம் சத்தத்தில். பயப்படவேண்டியது சத்தம் சட்டென்று நிற்கிறதே, அந்த மௌனத்துக்கு.

தொண்டைத் தசை தளர்ந்து, மூச்சு 10 விநாடிக்குக் குறையாமல் நின்று, திணறி மறுபடி கிளம்புகிறது. மணிக்கு 30 தடவை என்றால் தீவிரம். பெயர், ஸ்லீப் ஆப்னியா. 2022-ல் பப்பி லஹரியின் மரணத்துக்கு டாக்டர்கள் சொன்ன காரணங்களில் இதுவும் உண்டு.

வேடிக்கை, வைத்தியமும் மோட்டார்தான். 1981-ல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன், வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து மூக்கு வழியே காற்றை ஊதித் தொண்டையைத் திறந்துவைத்தார். இன்றைய ‘சிபேப்’ மெஷினின் தாத்தா அது.

ஆன்லைனில் வாங்கி மாட்டிக்கொள்ளலாமே என்பீர்கள். காற்றின் அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும். செல்போன் குறட்டையைப் பதிவுசெய்யும். வியாதி இல்லை என்று சர்டிஃபிகேட் தராது. வீட்டிலேயே செய்கிற டெஸ்ட்கூட உண்டு. படித்துச் சொல்ல ஆள் வேண்டும். உங்கள் ஊர் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. போகும்போது மனைவியையும் கூட்டிப் போங்கள். உங்கள் தூக்கத்துக்கு அவர்தான் சாட்சி.