சிலம்பில் கள்வன் என்னும் பெயர்

குற்றம் செயலில் உள்ளதா, அச்செயலுக்குப் பெயரிடுவோர் கருத்தில் உள்ளதா என்னும் வினா சமூகவியலார்க்கே உரியதன்று. சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டம் அதனை இரண்டு வழக்குகளில் வைத்துக் காட்டுகின்றது. கோவலன் வழக்கு யாவரும் அறிந்தது. வார்த்திகன் வழக்கையோ பாண்டியர் செங்கோலுக்குச் சான்றாகக் கொண்டு அமைவதே பெரும்பான்மை. இரண்டனையும் ஒருங்கு வைத்து நோக்குவாம்.

கொலைக்களக் காதையில் (16) கோவலனைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரியன் அல்லன் என்றே முதற்கண் கூறுகின்றனர். கண்கண்ட சான்றைப் பொற்கொல்லன் களவுநூல் காட்டி மறுக்கின்றான். மந்திரமும் மருந்தும் முதலாக எட்டுத் துணை உடையார் கள்வர் என்பது அவன் வாதம். இதனை ஏற்பின், கள்வனாகத் தோன்றாமையே கள்வன் என்பதற்குச் சான்றாகிவிடும். பின்னர் இளைஞன் ஒருவன், தன் வாளைப் பறித்து மறைந்த கள்வனைப் பற்றிக் கூறி, அரசன் ஒறுப்பான் என்னும் அச்சத்தையும் வெளியிடுகின்றான். அதன்பின் களிமகன் ஒருவனது வாள் வீழ்கின்றது. இத்துணை உரையாடலிலும் கோவலனை நோக்கி எழுந்த வினா ஒன்றேனும் இல்லை என்பது கருதத்தக்கது. சிலம்பு கள்வன் கையதாயின் கொல்க என்ற அரசன் ஆணையிலும் உசாவலுக்கு இடமில்லை.

கட்டுரை காதையில் (23) வரும் வழக்கும் அணிகலன் பற்றியதே. பராசரன் அளித்த அணிகளை வார்த்திகன் மகன் அணிந்திருக்கப் பொறாத அரசவினையாளர், புதையல் கவர்ந்தான் என வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுது புரண்டாள். ஐயை கோயிற் கதவு திறவாதாயிற்று. அரசன் உசாவி உண்மை உணர்ந்து, தன் முறை பிழைத்தமை கூறிப் பொறுத்தருள வேண்டினான். திருத்தங்காலும் வயலூரும் அளித்தான். அம்மட்டில் அமையாது சிறைகளைத் திறப்பித்து, புதையல் பெற்றவர்க்கே உரியது எனவும் அறிவித்தான். முன்பு குற்றம் எனப்பட்டது இவ்வாணையால் உரிமையாயிற்று. குற்றத்தின் எல்லை அரசாணையால் வகுக்கப்படுவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நெடுஞ்செழியனும் தன் பிழை உணர்ந்து உயிர் நீத்தான் அன்றோ எனின், உணர்ந்தான் என்பது உண்மையே. இரு வழக்கிலும் பெயரிட்டோர் பிழைத்தனர். இரண்டிலும் மனைவியின் குரலே வழக்கை மீட்டும் எழுப்பியது. இரண்டிலும் வேந்தன் பிழையை ஒப்பினான். வேறுபாடு வேந்தர் பண்பில் இல்லை. ஒறுப்பின் இயல்பிலேயே உள்ளது. சிறை திருத்தத்திற்குக் காலம் தந்தது, வாள் தரவில்லை.

மதுராபதி இக்கதையைக் கண்ணகிக்குக் கூறுவது பாண்டியர் பெருமை நிறுவற்பொருட்டே. ஆயினும் கணவனை இழந்தாள் செவியில் அது ஆறுதலாகப் பட்டிராது. உசாவியிருந்தால் கோவலனும் வார்த்திகன்போல் மீண்டிருப்பான் என்பதையே அக்கதை அவட்கு உணர்த்தும். அடிகள் இதனை மதுரை எரிந்தபின் வைத்தமையின் கருத்து இதுவெனக் கொள்ளல் பொருந்தும்.